கொழும்புக்குப் போகாமல் நீர்கொழும்பில் ஒரு பகல்

கட்டுநாயக்க விமான நிலையத்தில் குடிவரவு முத்திரை வாங்கிக்கொண்டு நாலு அடி நடந்தால் கண்ணில் படுவது ஃபிரிட்ஜ். அதற்குப் பக்கத்தில் வாஷிங் மெஷின். அப்புறம் டிவி. வரியில்லாக் கடை என்றால் சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும்தான் நமக்குப் பழக்கம். இங்கே வந்திறங்குகிறவர்களுக்கான பகுதியில் வீட்டுச் சாமான் கடைகள் வரிசை கட்டி நிற்கின்றன. வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஊருக்குள் கால் வைக்கும் முன்பே வாங்கிக்கொண்டு போவதற்காக.

அம்மா ஒரு ஃபிரிட்ஜின் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, இதை எப்படி ஏரோப்ளேன்ல ஏத்துவாவ?"

"ஏத்த மாட்டாங்கம்மா. இறங்கினவங்க வாங்குறது."

"நாமளும் இறங்கினவியதான?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. நாங்கள் இறங்கினவர்கள்தான், ஆனால் ராத்திரி மறுபடி ஏறவேண்டியவர்கள். மெல்பர்னில் இருக்கும் அண்ணனுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மதினிக்கு உதவியாக அம்மாவை மூன்று மாதத்துக்குக் கொண்டுபோய் விடுகிற வேலை என் தலையில் விழுந்தது. சென்னையிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து மெல்பர்ன். காலை 10:40-க்கு இறங்கி இரவு 11:50-க்கு ஏற வேண்டும். நடுவில் பதின்மூன்று மணி நேரம். இரண்டு மணி நேர இடைவெளி இருந்த டிக்கெட்டைவிட இது நல்ல மலிவு. நான் கண்ணை மூடிக்கொண்டு மலிவானதைப் போட்டேன். அப்படியொன்றும் கண்ணை மூடிக்கொண்டு இல்லை, எனக்கு உள்ளூர ஒரு கணக்கு இருந்தது.

அம்மாவுக்கும் ஒரு கணக்கு இருந்தது. அவளுடைய தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்தவர். தூத்துக்குடியில் அந்தத் தலைமுறையில் வீட்டுக்கு ஒருவராவது கொழும்புக்குப் போனவர் இருப்பார். தனுஷ்கோடி வழி 1914-இல் திறக்கும்வரை மதராஸிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்துதான் கப்பல் ஏறினார்கள். அதனால் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சென்னையைவிடக் கொழும்பு பக்கம். டிக்கெட் போட்ட நாளிலிருந்து அம்மா புறக்கோட்டை, செட்டியார் தெரு என்று தான் பார்த்தேயிராத தெருப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கொழும்புக்குப் போகப்போவதில்லை என்பதைச் சென்னை விமான நிலையத்தில் வைத்துத்தான் சொன்னேன். விமானம் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. அது ஒன்றேகால் மணி நேரம்தான் என்பது ஒரு ஆறுதல்.

காரணம் இருக்கிறது. 2018-இல் இதே மாதிரி ஒரு இடைவெளியில், தனியாக, கொழும்புக்குப் போயிருக்கிறேன். விமான நிலையத்திலிருந்து கொழும்பு 30 கிலோமீட்டர் சொச்சம். 2013-இல் திறந்த விரைவுச்சாலை இருக்கிறது, பேலியகொடை வரை அரை மணியில் கொண்டுவந்து விடும். விஷயம் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. களனி ஆற்றைத் தாண்டி ஊருக்குள் நுழைய இன்னொரு முக்கால் மணி. புறக்கோட்டையில் இறங்கிக் கூட்டத்தில் இடிபட்டு, கடலோரத்துக் காலி முகத்திடலில் பத்து நிமிடம் நின்று இறால் வடை தின்று, ஒரு கோயிலைக் காரிலிருந்தபடியே கும்பிட்டு, ஓட்டுநர் காட்டிய கட்டடங்களுக்கெல்லாம் தலையாட்டிவிட்டுத் திரும்பினால் மாலை நெரிசல். போர்டிங் கதவு மூட ஏழு நிமிடம் இருக்கும்போது ஓடிப்போய் ஏறினேன். அன்று நான் பார்த்தது கொழும்பு இல்லை, கைக்கடிகாரம். ஊர் திரும்பி "கொழும்பு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டவர்களிடம் என்ன பதில் சொன்னேன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டது பின்னாலிருந்து எண்ணுவது. பதின்மூன்று மணி நேரம் என்று டிக்கெட்டில் போட்டிருப்பது பொய். 11:50-க்கு விமானம் என்றால் 8:50-க்கு நிலைய வாசலில் இருக்க வேண்டும். கட்டுநாயக்கவில் கட்டடத்துக்குள் நுழையும்போதே பைகளை ஸ்கேன் செய்கிறார்கள், அந்த வரிசையே சில சமயம் நீளும். அப்படியானால் 8 மணிக்கு ஊரிலிருந்து கிளம்ப வேண்டும், வயதானவர்கள் கூட இருந்தால் 7:30. காலையில் விமானத்திலிருந்து வெளியே வந்து, குடிவரவு தாண்டி, பணம் மாற்றி, சிம் வாங்க ஒரு மணி நேரம். ஆக நம் கைக்கு வருவது ஏழெட்டு மணி நேரம். அதில் மூன்றைச் சாலையில் கொடுப்பதா என்பதுதான் கேள்வி.

அப்புறம் வரைபடத்தைப் பார்த்தேன். கட்டுநாயக்க என்கிற அந்த இடம் கொழும்பே இல்லை. விமான நிலையத்துக்குப் பத்து கிலோமீட்டர் வடக்கே கடலோரத்தில் நீர்கொழும்பு இருக்கிறது. டிக்கெட்டில் கொழும்பு என்று எழுதியிருந்தாலும் நாம் இறங்குவது நீர்கொழும்பின் புறவாசலில். இரண்டாம் உலகப் போரின்போது, 1944-இல், பிரிட்டிஷ் விமானப் படை இங்கே ஓடுதளம் போட்டபோது அதற்கு வைத்த பெயரே நெகொம்போதான், நீர்கொழும்பின் ஆங்கிலப் பெயர். சர்வதேச விமான நிலையமான பிறகுதான் கொழும்பின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. இதை நான் அம்மாவிடம் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சில்லறை விஷயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இலங்கைக்குள் கால்வைக்க இந்தியர்கள் இணையத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும், ஈடிஏ என்பார்கள். இரண்டு நாளுக்குள் கடந்து போகிறவர்களுக்கு அதில் தனிப் பிரிவு இருந்தது, நாங்கள் அதில் விண்ணப்பித்தோம், கட்டணம் கேட்கவில்லை. இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் போடும் அன்றும் கிளம்பும் வாரத்திலும் இரண்டு தடவை பார்த்துவிடுங்கள். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால்தான் பெட்டி தானாகக் கடைசி ஊருக்குப் போகும். தனித்தனியாக வாங்கினால் நடுவில் நீங்கள்தான் எடுத்துப் போட வேண்டும், அப்போது ஊர் சுற்றுவதாவது ஒன்றாவது. சென்னையில் பெட்டியைப் போடும்போது சீட்டில் மெல்பர்ன் என்று அச்சாகியிருக்கிறதா என்று நான் வாசித்துப் பார்த்தேன். கைப்பையில் அம்மாவின் மாத்திரை, இருவருக்கும் ஒரு மாற்று உடுப்பு, ஒரு துண்டு, ரப்பர் செருப்பு. இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம், கடிகாரத்தைத் திருக வேண்டாம். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும், ஆனால் விலைச்சீட்டைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கும், மூன்றால் வகுத்தபிறகுதான் மூச்சு வரும்.

ஒரு செலவை மட்டும் நான் யோசிக்காமல் செய்தேன். லூயிஸ் பிளேஸ் என்கிற கடற்கரைச் சாலையில் ஒரு சிறு விடுதியில் பகலுக்கு மட்டும் அறை. நீர்கொழும்பில் இந்த ஏற்பாடு சகஜம். விமானத்துக்குக் காத்திருப்பவர்களை வைத்தே பாதி விடுதிகள் பிழைக்கின்றன, கேட்டால் அரைநாளுக்குக் கொடுப்பார்கள். அறுபத்தெட்டு வயதான ஒருவரைப் பதின்மூன்று மணி நேரம் நிற்கவும் நடக்கவும் வைத்துவிட்டு, அதற்குமேல் பத்து மணி நேரம் விமானத்தில் உட்காரவைப்பது கொடுமை. சுற்றிப் பார்க்கும் நேரத்தில் மூன்று மணி தூக்கத்துக்குப் போகிறதே என்று இளவயதுக்காரர்கள் நினைக்கலாம். குளித்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே கால் நீட்டிப் படுத்து எழுந்தபிறகு அம்மாவின் முகத்தில் இருந்த தெளிவைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

ஆனால் தூக்கத்துக்கு முன்னால் சாப்பாடு. கோபம் அங்கேதான் இறங்கியது.

விடுதிக்காரர் கைகாட்டிய ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. பெயர்ப்பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருந்தன. மதியச் சோறு தயாராகக் கொஞ்சம் ஆகும், காலை இடியப்பம் மிச்சமிருக்கிறது, தரட்டுமா என்று கேட்டார்கள். சிவப்பரிசி இடியப்பம், தேங்காய்ச் சம்பல், ஒரு மீன் குழம்பு, ஒரு கிண்ணத்தில் மஞ்சளாக, தண்ணியாக ஒன்று. அம்மா அதை முதலில் முகர்ந்தாள். கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, காலையிலிருந்து முதல் தடவையாக, கோபமில்லாமல் என்னைப் பார்த்துப் பேசினாள்.

"ஏட்டி, இது சொதியில்லா!"

சொதிதான். பெயரும் அதேதான். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி வைக்காவிட்டால் பேச்சு வரும். பாசிப்பருப்பும் காய்கறியும் முதல் தேங்காய்ப்பாலுமாகக் கெட்டியாக, கூடவே இஞ்சித் துவையல். திருநெல்வேலிச் சொதி இலங்கையிலிருந்து வந்தது என்று ஊரில் சொல்வார்கள். அம்மா அதை ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. இங்கே சொதி ஒரு விருந்துச் சமாசாரமே இல்லை, நம் ரசம் மாதிரி, தினப்படி. வெங்காயமும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தேங்காய்ப்பாலில் ஒரு கொதி. "காயே போடல, பருப்பும் இல்ல, ஆனா சொதிதான்" என்று தீர்ப்புச் சொன்னாள். யார் யாரிடமிருந்து வாங்கினார்கள் என்பதைப் பற்றி அன்றும் எதுவும் சொல்லவில்லை. சம்பலில் மாசி இருப்பதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். மாலத்தீவுப் பக்கம் சூரை மீனை அவித்து, புகையில் வைத்து, கல் மாதிரி காயவைத்து எடுப்பது மாசி. தூத்துக்குடியிலும் புழங்குகிற பெயர்தான். சிங்களத்தில் உம்பலகட என்கிறார்கள். கடைக்காரப் பெண்ணிடம் அம்மா சைகையில் இடிப்பது மாதிரி காட்ட, அவள் உள்ளே போய் ஒரு துண்டு மாசியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். இரண்டு பேரும் அதைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

மூன்று மணிக்கு மேல் கிளம்பினோம். ஆட்டோவை அங்கே த்ரீவீல் என்கிறார்கள். ஓட்டுநர் ஐம்பது வயதுக்காரர், சிங்களமும் ஓரளவு தமிழும் பேசினார். என்னை "நங்கி" என்றார், தங்கச்சி என்று அர்த்தம். அம்மாவை அம்மா என்றே. எங்கே போகவேண்டும் என்று கேட்டபோது நான் ஒரே ஒரு இடம்தான் சொன்னேன். மீன் காயவைக்கிற கரை.

நீர்கொழும்பில் பெரிய மீன் சந்தை கடலும் களப்பும் (கடலோர உப்பு ஏரி) சந்திக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. லெல்லம என்று பெயர். அங்கே ஏலம் விடியலில் நடந்து முடிந்துவிடும், பகலில் போனால் ஏலம் கிடையாது. ஆனால் பின்பக்கம் கடற்கரையில் இறங்கினால், கண்ணுக்கெட்டிய தூரம் தென்னை நார்ப் பாய்கள். அவற்றின்மேல் ஆயிரக்கணக்கில் மீன்கள், வரிசையாக, தலை ஒரு பக்கம் வால் ஒரு பக்கம். மாலையில் வெயில் தணிகிற நேரம் என்பதால் பெண்கள் அவற்றைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள். காக்கை விரட்ட ஒரு சிறுவன். தூரத்தில் ஃபைபர் படகுகள். அவற்றுக்கு நடுவே, பக்கவாட்டில் ஒரு மரத்துண்டு துருத்திக்கொண்டு நிற்கும் பழைய ஒருவ படகுகள் இரண்டு மணலில் கிடந்தன. ஒரு பக்கம் தோணி, இன்னொரு பக்கம் மிதவைக் கட்டை, இரண்டையும் இணைத்து வளைந்த கொம்புகள். நம் கட்டுமரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. கட்டுமரம் கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது, ஒருவ குடைந்த தோணிக்கு ஒரு துணைக்கை வைத்தது.

நாற்றத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சுற்றுலாப் பயணிகள் சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அம்மா மூச்சை உள்ளே இழுத்தாள்.

அவள் பாயருகே குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல ஆரம்பித்தாள். சாளை. நெத்திலி. சூரை. வாளை. பாயில் வேலை செய்துகொண்டிருந்த பெண்மணிக்கு அம்மா வயதுதான் இருக்கும். சிங்களத்தில் சாளைக்கு "சாலயா" என்று நான் படித்திருந்தேன், அதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்ளலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண்மணி அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"இந்தியாவா? எந்த ஊர்?"

தமிழ். ஆனால் நான் கேட்டேயிராத தமிழ். யாழ்ப்பாணத்துப் பேச்சு எனக்குத் தெரியும், மலையகத்துப் பேச்சும் கேட்டிருக்கிறேன். இது இரண்டுமில்லை. சொற்கள் எல்லாம் புரிந்தன, ஆனால் வாக்கியத்தின் வால் மட்டும் எங்கோ விடுபட்டுப் போயிருந்தது. கொஞ்ச நேரம் கேட்ட பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. நான் செய்தாலும் அவன் செய்தாலும் நாங்கள் செய்தாலும் வினைச்சொல் ஒரே மாதிரிதான் முடிகிறது. ஏன், ஆன், ஓம் என்று ஆளுக்கேற்ற விகுதி கிடையாது. பேச்சுச் சிங்களத்தில் அப்படித்தான்.

இந்த ஊர்க் கரையோர மீனவர்களில் பலர் கராவ என்கிற சமூகம். தங்களைச் சிங்களவர் என்றே சொல்கிறார்கள், பதிவேட்டிலும் அப்படித்தான். அவர்களில் ஒரு பகுதியினர் வீட்டிலும் படகிலும் தலைமுறைகளாகப் பேசுவது தமிழ். சோழமண்டலக் கரையிலிருந்து எந்தக் காலத்திலோ கடல் தாண்டி வந்தவர்களின் வழி. போர்த்துக்கீசியர் காலத்தில் கத்தோலிக்கரானார்கள். பிறகு பள்ளிக்கூடமும் கோயில் பிரசங்கமும் மெல்ல மெல்லச் சிங்களத்துக்கு மாறின, பிள்ளைகளும் மாறினார்கள். இவர்கள் பேசுவதை மொழியியலாளர்கள் நீர்கொழும்பு மீனவர் தமிழ் என்று தனிப் பெயர் கொடுத்தே ஆராய்ந்திருக்கிறார்கள். சிங்கள இலக்கணம் தமிழுக்குள் எப்படி இறங்கியிருக்கிறது என்பதற்கு அது ஒரு நல்ல எடுத்துக்காட்டு. இதையெல்லாம் நான் முன்பே வாசித்திருந்தேன். வாசித்தது வேறு, மணலில் குந்திக்கொண்டு இரண்டு கிழவிகள் உப்பின் அளவைப் பற்றிச் சண்டை போடுவதைக் கேட்பது வேறு.

சண்டை உண்மையாகவே நடந்தது. அம்மாவுக்கு அந்தச் சாளையில் உப்பு ஜாஸ்தி. அந்தப் பெண்மணிக்கு அம்மா சொன்ன அளவு குறைச்சல், மழைக்காலத்தில் புழு வைத்துவிடும். பேச்சின் நடுவே அவர் தன் குடும்பப் பெயரைச் சொன்னார். பெர்னாண்டோ. அம்மா துள்ளிவிட்டாள். தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்கு இடப்பக்கம் ஒரு பர்னாந்து, எதிர்வீட்டில் இரண்டு பர்னாந்து. அந்தக் கரையில் பரதவர்கள் 1530-களில் போர்த்துக்கீசியரிடம் ஞானஸ்நானம் பெற்றபோது வந்த பெயர்கள். அதே கப்பல்காரர்கள் இந்தக் கரையிலும் அதே பெயர்களை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். உடனே அம்மா, "அப்ப நீங்க எங்க ஊரா?" என்று கேட்டாள். அந்தப் பெண்மணி தலையை இருபுறமும் ஆட்டினார். ஆமாம் என்கிறாரா இல்லை என்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை, அம்மாவுக்குத் தெரிந்த மாதிரி இருந்தது.

கடைசியில் கருவாடு வாங்குவது என்ற இடத்துக்கு வந்து நின்றது. ஒரு கிலோ சாளை, அரைக் கிலோ நெத்திலி, அண்ணனுக்குப் பிடிக்கும். பெட்டியெல்லாம் நேரே மெல்பர்னுக்குப் போய்விட்டது, கையில்தான் கொண்டுபோக வேண்டும், விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் என்ன ஆவார் என்று முதலில் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது சாப்பிடும் சாமான் எது இருந்தாலும் அட்டையில் எழுதி அறிவிக்க வேண்டும், மறைத்தால் அபராதம், அதிகாரி பிரித்துப் பார்ப்பார் என்றேன்.

"கருவாட்டுக்கு எதுக்குட்டி விசா?"

நானும் சளைக்கவில்லை. கடைசியில் அவள் வாங்காமல் எழுந்தாள். வாங்கவில்லை என்று அந்தப் பெண்மணி கோபித்துக்கொள்ளவும் இல்லை. பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு எங்களை உட்காரவைத்து, பக்கத்திலிருந்து ப்ளேன் டீ வரவழைத்துக் கொடுத்தார். பால் இல்லாத தேநீர், சீனி நிறைய. ஒன்றரை மணி நேரம் அங்கேயே போய்விட்டது. எனக்கு நடுவில் ஒருமுறை அந்தப் பழைய நமைச்சல் வந்தது, பட்டியலில் இன்னும் நாலு இடம் இருக்கிறதே என்று. கைபேசியை எடுத்தேன், பிறகு உள்ளே வைத்துவிட்டேன்.

மற்ற இடங்களை ஓட்டமாகத்தான் பார்த்தோம். கோட்டை என்று ஒன்று இருக்கிறது, பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 1640-இல் ஒல்லாந்தர் பிடித்து, போர்த்துக்கீசியர் மீட்டு, 1644-இல் திரும்பவும் ஒல்லாந்தர் கைக்குப் போனது. இலங்கைத் தமிழில் டச்சுக்காரர்களுக்கு ஒல்லாந்தர் என்று பெயர். அவ்வளவு சண்டையும் இலவங்கப்பட்டைக்காக. இப்போது மிச்சமிருப்பது முக்கியமாக ஒரு வாசல், அதன் நெற்றியில் 1678 என்று பொறித்திருக்கிறது. உள்ளே சிறைச்சாலை. கைதிகளைப் பார்க்க வந்தவர்கள் பொட்டலங்களோடு வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு நடுவே நின்று கல்வெட்டைப் படமெடுக்க மனசு வரவில்லை, நகர்ந்துவிட்டோம்.

கால்வாய் எனக்குப் பிடித்தது. ஊரின் நடுவே ஓடுகிறது, இருபுறமும் படகு கட்டியிருக்கிறார்கள். எல்லோரும் டச்சுக் கால்வாய் என்கிறார்கள். ஆனால் இங்கிருந்து தெற்கே கொழும்பு நோக்கிப் போகிற ஹமில்டன் கால்வாய் பிரிட்டிஷ்காரர்கள் 1802-க்கும் 1804-க்கும் இடையில் வெட்டியது. அதற்குள் ஒரு தோல்விக் கதை இருக்கிறது. களப்புக்குத் தெற்கே முத்துராஜவெல என்று பெரிய சதுப்புநிலம். வெல என்றால் வயல். பெயர் சொல்வது போலவே ஒரு காலத்தில் நெல் விளைந்த பூமி. அதற்கு முன்னால் வெட்டிய கால்வாய் வழியாகக் கடல்நீர் ஏறி வயல் கெட்டது. அந்த உப்புநீரை வடிக்கத்தான் ஹமில்டன் கால்வாயை வெட்டினார்கள். வடியவில்லை. வயல் திரும்பவில்லை, பறவைகள் வந்தன. அதில் படகுச் சவாரி போக அரைநாள் வேண்டும், விட்டுவிட்டோம்.

தேவாலயங்களுக்குக் குறைவே இல்லை, சின்ன ரோமாபுரி என்று ஊருக்குப் பட்டப்பெயர். முச்சந்திக்கு முச்சந்தி கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு புனிதர் நிற்கிறார். பெரிய தெருவில் இருக்கும் புனித மரியாள் ஆலயத்துக்குப் போனோம். 1874-இல் தொடங்கி 1922-இல்தான் கட்டி முடித்தார்களாம். உள்ளே கூரை முழுக்க வண்ண ஓவியங்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனால் ஆகஸ்ட் 5-இல் பனிமய மாதா திருவிழாவுக்குப் போகாத தூத்துக்குடிக்காரர் யார்? அம்மா முழந்தாளிட்டு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

வெளியே வந்ததும் த்ரீவீல்காரர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "கட்டுவப்பிட்டிக்குப் போகணுமா?" என்று கேட்டார். எனக்கு உடனே புரிந்தது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. அன்று காலை குண்டு வெடித்த ஆலயங்களில் ஒன்று கட்டுவப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம். அங்கே மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகள் நிறைய. வேடிக்கை பார்க்கப் போகிற இடம் இல்லை என்று நான் சொல்ல வந்தேன். அம்மா "போவோம்" என்றாள்.

ஆலயம் புதுக் கூரையோடு, சுத்தமாக, சாதாரணமாக இருந்தது. பெயர்கள் பொறித்த நினைவிடத்தின் முன்னால் நின்றோம். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வரும்போது என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க வாசிக்கத் தெரிந்தால் போதும். அம்மாவுக்குச் சிங்களமும் ஆங்கிலமும் தெரியாது. அவள் என்னைப் பார்த்தாள், நான் வாசித்துச் சொன்னேன். இரண்டு மூன்று பெயருக்குப் பிறகு "போதும்" என்றாள். த்ரீவீல்காரர் வண்டியை விட்டு இறங்கவில்லை. திரும்பும் வழியில் அவர் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சூரியன் இறங்கும்போது கடற்கரையில் இருந்தோம். தூத்துக்குடியில் கடலிலிருந்து சூரியன் எழுந்துதான் அம்மா பார்த்திருக்கிறாள். கடலுக்குள் அது விழுவதைப் பார்ப்பது இதுதான் முதல்முறை என்றாள். கன்னியாகுமரிக்குப் போனதே இல்லையா என்று கேட்டேன். போனாளாம், அன்று மேகமாம். ஏழு மணிக்கு விடுதிக்குத் திரும்பி முகம் கழுவி, ஆளுக்கொரு மீன் பணிஸ் (மீன் வைத்த பன்) வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஏழரைக்குக் கிளம்பி, எட்டே காலுக்கு நிலைய வாசலில் நின்றோம். கையில் நேரம் நிறைய மிச்சம். 2018-இல் ஓடிய அதே நீளமான நடைபாதையில் இந்தமுறை அம்மா நடுவில் இரண்டு தடவை நின்று கண்ணாடி வழியாக விமானங்களை எண்ணினாள்.

கதவருகே உட்கார்ந்திருக்கும்போது அம்மா கேட்டாள், "திரும்பி வரும்போது இங்கன எவ்வளவு நேரம் நிப்போம்?"

மூன்று மாதம் கழித்து அவளைக் கூட்டிவரப் போவதும் நான்தான். டிக்கெட்டைப் பார்த்தேன். ராத்திரி இறங்கி, இரண்டு மணி நேரத்துக்குள் சென்னை விமானம். அப்போது அதுதான் மலிவு என்று போட்டிருந்தேன்.

"மாத்த முடியாதா?"

மாற்றலாம், கொஞ்சம் பணம் போகும். ஒரு முழுநாள் நின்றால் கொழும்புக்கே போய் வரலாம், செட்டியார் தெரு, தாத்தா கடை இருந்த இடம் எல்லாம் தேடிப் பார்க்கலாம் என்றேன். குற்றவுணர்ச்சி இருந்தது, அதனால் மனதாரத்தான் சொன்னேன். அவள் கைப்பையைத் திறந்து மீன் பணிஸைப் பாதி பிய்த்து என்னிடம் கொடுத்தாள்.

"அது கெடக்கட்டும். காலம்பற ஏலம் அஞ்சு மணிக்குன்னு சொன்னா. நாம நாலரைக்கே அங்கன போயிரணும். நடுக்கடல் மீன் அப்பத்தான் வருமாம்."